காரணம் மூன்று

பிரம்டனில், விமானங்கள் கூரையை உரசிப் போகும் ஒரு கிடங்கில்
திரும்பி வரும் உடுப்புகளைப் பிரிக்கிறவள் நான்.
பின்னேரம் மூன்றரை தொடக்கம் நடுச்சாமம் வரை.

ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு துண்டுச் சீட்டு.
ஒன்று: நிறம் வேறு.
இரண்டு: மனம் மாறிவிட்டது.
மூன்று: உடுப்பு சிறியது.
நான்கு: உடுப்பு பெரியது.
ஆறு வருடமாய்ப் பார்க்கிறேன்,
'நான் பெரிது' என்று எழுத ஒரு கட்டமில்லை.
அந்த மரியாதை எனக்குப் பிடித்திருக்கிறது.
இங்கே பிழை எப்போதும் துணியில்தான்.

மார்க்கம் வீதி மண்டபங்களில் அப்படியில்லை.
குளிர் கோட்டைக் கழற்ற முன்னமே ஒருத்தி கேட்பாள்:
"என்ன, உடம்பு வைச்சிட்டுது?"
எங்கே வைத்தேன் என்று தேடுகிறவள்போல
நானும் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்வேன்.
பித்தப்பையில் கல் வந்து
பதினொரு கிலோ இறங்கிய வருடம்
அதே வாய் கேட்டது:
"என்னடியப்பா, ஏதும் வருத்தமோ?"

சட்டை செய்யாதே என்று ஒரு சொல் இருக்கிறது எங்களிடம்.
ஒரு நாளைக்கு நானூறு சட்டை பிரிக்கிறவளிடம்
அதைச் சொல்லிப் பாருங்கள்.

மூஸ் ஜோவில் ஒருத்தி, டார்லீன் கொவல்ச்சுக்.
ஒக்டோபரில் ஒரு நீலச் சட்டை திருப்பி அனுப்பினாள்,
அளவு பதினாறு. காரணம் மூன்று.
இரண்டு கிழமையில் அதே நீலம், பதினெட்டு.
காரணம் மூன்று.
பனி கொட்டத் தொடங்க, இருபது.
கட்டத்துக்குள் புள்ளடி போட்ட பேனை
தாளைக் கிழித்துக்கொண்டு மறுபக்கம் வந்திருந்தது.

அந்த இருபதின் கக்கத்தில் கொஞ்சம் பவுடர் ஒட்டியிருந்தது.
விதிப்படி அது கழிவுத் தொட்டிக்குப் போகவேண்டும்.
நான் ஈரத்துணியால் துடைத்து,
கைகளை உள்ளே மடித்து,
நல்லவை போகும் பச்சைத் தொட்டியில் வைத்தேன்.
குல்விந்தர் மட்டும் கண்டாள்.

குல்விந்தர் எனக்கு எதிர் மேசை.
மேற்பார்வைக்காரன் சிகரெட்டுக்குப் போனால்
மஞ்சள் பாதுகாப்பு அங்கிக்கு மேலேயே
யாருடையதோ கோட்டைப் போட்டுப் பார்ப்பாள்.
பொத்தான் பூட்டாவிட்டால்
பஞ்சாபியில் நன்றாகத் திட்டுவாள்,
கோட்டைத்தான்.

எனக்கு அது வராது.
கடைகளில், உடுப்பு மாற்றும் அறையின் கொக்கி விழுந்ததும்
என் மூச்சு தன்பாட்டில் உள்ளே போய் ஒளித்துக்கொள்ளும்.
வெளியே நின்று மகள் கேட்பாள்:
"அம்மா, காணுமோ?"
காணும் என்பேன்,
கண்ணாடியைக் காணாமல்.

நத்தார் விருந்துக்கென்று
வேலைக்காரருக்கான கழிவு விலையில்
நானும் ஒரு சட்டைக்குக் கொடுத்தேன்.
நீலம். இருபது.
பெட்டியைத் திறந்தேன்,
கைகள் உள்ளே மடிந்திருந்தன.
என் மடிப்பை எனக்குத் தெரியாதா?
தையலுக்குள் மெல்லியதாய் இன்னும் பவுடர் வாசம்.

விருந்துக்கு அதைப் போடவில்லை. பழைய கறுப்புக் காற்சட்டையோடு போனேன்.
அதன் பிறகு அது அலுமாரிக் கதவில் தொங்கியது.
திருப்பி அனுப்ப முப்பது நாள் தவணை.
சீட்டைக் குளிர்பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தேன்.

இருபத்தெட்டாம் நாள் இரவு,
வேலையால் வந்து, சப்பாத்தைக் கழற்றி,
விளக்குப் போடாமல் அதற்குள் புகுந்தேன்.
சிப் முதுகின் முக்கால் தூரம் ஏறி
இனி உன்பாடு என்று நின்றுவிட்டது.
இழுக்கவில்லை. நிற்கட்டும்.
புட்டும் மத்தியானத்து மீன்குழம்பும் சூடாக்கி
நின்றபடி சாப்பிட்டேன்.

டார்லீன், நீர் இப்போது என்ன உடுக்கிறீர்?
மூஸ் ஜோவில் இன்றைக்கு எத்தனை பாகை குளிர்?
உம்முடைய சிப் எவ்விடத்தில் நின்றது?

மடியில் ஒரு துளி குழம்பு விழுந்தது.
அதற்கும் கட்டமில்லை.

இன்னும் ஒரு அகப்பை போட்டுக்கொண்டேன்.
முதுகு கொஞ்சம் குளிர்ந்தது,
மற்றபடி சட்டையில் ஒரு குறையும் இல்லை.