வெயில் இல்லாத மூன்று நாள்

மீட்டர் அண்ணன் பேரில் இருக்கிறது.
பாகப்பிரிவினைப் பத்திரத்தில்
அடிபம்பு யாருக்கு, புளியமரம் யாருக்கு,
கொல்லைக்குப் போகிற பாதை எத்தனை அடி,
எல்லாம் எழுதினார்கள்.
கரண்டை எழுத மறந்துவிட்டார்கள்.

சித்திரை பிறந்து ஒன்பதாம் நாள்
ராசகோபால் அண்ணன் என் ஒயரைப் பிடுங்கி
ஒழுங்காகச் சுருட்டி
என் வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார்.

அளவு நோட்டில்
யாரோ ஒருத்தியின் ஜாக்கெட் அளவுக்கு எதிர்ப்பக்கம்
கணக்குப் போட்டேன்.
பல்பு இரண்டு, ஒன்பது வாட், ஐந்து மணி நேரம்: தொண்ணூறு.
காற்றாடி இருபத்தெட்டு வாட், பத்து மணி நேரம்: இருநூற்றெண்பது.
போன் இருபது.
தையல் மெஷின் மோட்டார் என்று எழுதி
அடித்துவிட்டேன். கால் இருக்கிறது.
ஆக முந்நூற்றுத் தொண்ணூறு.
ஒரு நாளைக்கு நான் இவ்வளவுதான்.

திருத்துறைப்பூண்டி கடையில் ஜெய்னுலாப்தீன் கேட்டார்:
வெயிலே இல்லாம எத்தனை நாள் தாங்கணும்?
என்னைக் கேட்கிறார் என்று நினைத்துத்
திகைத்து நின்றேன்.
பேட்டரியைத்தான் கேட்டார்.

ஐப்பசி அடைமழையை எண்ணிப் பார்த்தேன்.
கஜாவுக்கு இருபத்து மூன்று நாள் இருட்டில் கிடந்தோம்,
அதையும் சேர்த்தால் கடையையே வாங்க வேண்டும்.
மூன்று, என்றேன்.
சீட்டைத் தள்ளி எடுத்து
நூறு ஆம்பியரில் ஒரு பேட்டரி, இருநூறு வாட்டில் ஒரு பேனல்.

சுருட்டி வைத்த அந்த ஒயர் உதவவில்லை.
பன்னிரண்டு வோல்ட்டுக்கு ஒல்லி ஒயர் ஆகாது,
போகிற வழியிலேயே கரைந்துவிடும்.
கடைமடைக்காரிக்கு இதை விளக்கவே வேண்டாம்.
மேட்டூரில் திறப்பதைப் பேப்பரில் படிப்போம்,
கோரையாற்றில் வருவதைக் கணுக்காலால் அளப்போம்.
ஆறு சதுர மில்லி வாங்கினேன்.
நீளத்தைக் குறைக்கக் கட்டிலைச் சுவரோரம் நகர்த்தினேன்.

பேனல் தெற்குப் பார்த்து, லேசாகச் சாய்த்து.
காற்றுக்குப் பறக்காமல்
நாலு காலுக்கும் சிமெண்ட்.
மூன்று மணிக்கு மேல்
அண்ணன் பாகத்துத் தென்னையின் ஒரே ஒரு மட்டை
குறுக்கே நிழல் போட்டது.
ஒரு விரல் நிழல்தான். மீட்டரில் பாதி காணோம்.
மட்டையைக் கழிக்கச் சொல்லிக் கேட்கலாம்.
கேட்கவில்லை.
காயாத சிமெண்டைப் பெயர்த்து
இரண்டரை அடி கிழக்கே தள்ளி நட்டேன்.

முதலில் பேட்டரியை மாட்டு, அப்புறம் பேனலை.
கழற்றும்போது தலைகீழ்.
ஸ்பானர் கை தவறி இரண்டு முனையிலும் பட்டு
நீலமாய் ஒரு பொறி.
முன்கை ரோமம் கருகின வாசனை.
ஃபியூஸ் வாங்க மறந்திருந்தேன்.
மறுநாள் முதல் பஸ்ஸில் போய் வாங்கி வந்தேன்.

ஐப்பசி இருபத்தொன்று, மழை தொடங்கி இரண்டாம் நாள்,
ஊர் முழுக்க லைன் போனது.
என் வீட்டில் மட்டும் வெளிச்சம்.
சன்னலைச் சாத்தினேன், ஏனோ கூச்சமாக இருந்தது.

எட்டரை மணிக்குத் தனபாக்கியம் அண்ணி.
தலையில் யூரியா சாக்கு,
கையில் இரண்டு போன்,
ஒன்று அவருடையது.
அவரே அனுப்பினாரா என்று நான் கேட்கவில்லை,
அண்ணியும் சொல்லவில்லை.
தண்ணீர் சொட்டச் சொட்ட நின்று
காற்றாடியைப் பார்த்தாள்.
இதுவுமா ஓடுது?

வைச்சிட்டுப் போங்க, என்றேன்.

பின்னிரவில் கண்ட்ரோலர் சிவப்பைக் காட்டியது.
காற்றாடியை நிறுத்திவிட்டுக்
கொசுக்களோடு உட்கார்ந்து
நோட்டைத் திறந்தேன்.
போன் என்ற வரிக்குக் கீழே இடம் இருந்தது.
பேர் எழுதாமல் முப்பது என்று மட்டும் போட்டு
மறுபடி வகுத்துப் பார்த்தேன்.
மூன்று நாள்
இரண்டே முக்கால் ஆகிறது.