புதன்கிழமைக்காரன்

கோர்ட்டு சொன்னது இவ்வளவுதான்:
கேஸ் முடியும்வரை
கார் காம்பவுண்டைத் தாண்டக் கூடாது,
கெட்டும் போகக் கூடாது.
சனிக்கிழமை எனக்கு.
புதன் திருமூர்த்திக்கு.

அனுப்பர்பாளையத்தில் பூட்டிக் கிடக்கும் பனியன் கம்பெனி.
ஷெட்டிலிருந்து ஜெனரேட்டர் ரூம் போய்த் திரும்பினால்
நூற்றுப் பத்து மீட்டர்.
நின்ற இடத்தில் பத்து நிமிஷம் உறுமவிட்டால்
ஸ்டார்ட்டர் எடுத்ததைக்கூட எஞ்சின் திருப்பித் தராது.
ஓடினால்தான் ஏறும்.
அதனால் அரைமணி நேரம், இரண்டாவது கியரில்,
நான் வலப்பக்கமாகச் சுற்றுவேன்.
அவன் இடப்பக்கமாக.
மழை பெய்த வாரங்களில் சேற்றில் இரண்டு தடமும் இருக்கும்,
ஒன்றை ஒன்று மிதித்துக்கொண்டு.

யார் அதிகம் போட்டது, யார் அதிகம் எடுத்தது,
அதுதான் கேசே.
பேரேடெல்லாம் வக்கீல் பீரோவில்.
என் கையில் இருப்பது ஒரு மல்ட்டிமீட்டர்.
பன்னிரண்டு புள்ளி ஆறு என்றால் நிறைவு.
பன்னிரண்டுக்குக் கீழே கிடந்தால்
தகட்டில் உப்புப் பூக்கும்.
பூத்தது லேசில் உதிராது.

திருமூர்த்திக்கு இது எதுவும் மண்டையில் ஏறாது.
போகும்போது மைனஸைக் கழட்டி வைக்கச் சொல்லு,
கடிகாரமும் லாக்கும் ராத்திரியெல்லாம் உறிஞ்சுது
என்று வாட்ச்மேன் ரஞ்சனிடம் சொல்லி அனுப்பினேன்.
ரஞ்சன் ஒடியாக்காரர். சொன்னதைச் சொன்னபடி சொல்வார்.
பதிலையும் அப்படியே கொண்டுவந்தார்:
"அவுருசோலியப் பாக்கச் சொல்லு."
அடுத்த சனி பார்த்தால் கிளாம்ப் நட்டை
இன்னும் ஒரு சுற்று முறுக்கியிருந்தான்.
எதையும் அப்படித்தான் மூடுவான்.
அவன் பூட்டிய தண்ணீர்பாட்டிலை
அவன் பெண்டாட்டி பல்லால் கடித்துத்தான் திறப்பாள்.

ஐப்பசி முதல் சனி.
பானெட்டைத் தூக்கினால்
மைனஸ் நான் வைத்த இடத்தில்,
நான் சுற்றிய மஞ்சள் கட்டிங் வேஸ்ட்டுக்குள், அப்படியே.
சீட்டு என் காலுக்குச் சரியாக இருந்தது.
மீட்டர் பன்னிரண்டு புள்ளி ஐந்து.
ஒன்பது மாதத்தில் இப்படி ஒரு கணக்கு வந்ததே இல்லை.
எனக்கென்னவோ அது பிடிக்கவில்லை.

அடுத்த சனியும் அதே ஐந்து.
நோட்டில் இரண்டு புதன் வெறுங்கட்டம்.
ரஞ்சன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.
கோயமுத்தூர், என்றார்.
இரண்டு விரலை நீட்டினார்.
இரண்டு அடைப்பா, இரண்டு வாரமா,
நான் கேட்கவில்லை.
கேட்பதென்றால் என் வக்கீல் அவன் வக்கீலுக்கு
எழுதிக் கேட்க வேண்டும்.

புதன்கிழமை போனேன். போகக் கூடாதுதான்.
கேட்டைத் திறந்த ரஞ்சன்
நோட்டை மட்டும் நீட்டவில்லை.
பிளஸ்ஸில் பூத்திருந்த பச்சையைச்
சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவித் துடைத்து
வாசலின் தடவினேன்.
பிறகு அரைமணி நேரம் இடப்பக்கமாகச் சுற்றினேன்.
அந்தப் பக்கமாக வந்தால்
திரும்புகிற இடத்தில் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கிறது.
இத்தனை நாள் தெரியாது.
இறங்கும்போது சீட்டை
மூன்று பல் முன்னால் தள்ளினேன்.
ஆள் குட்டை.

அதற்கடுத்த புதனும் போனேன். அதற்கடுத்ததும்.

கார்த்திகை இரண்டாம் சனி
மீட்டர் பன்னிரண்டு புள்ளி ஒன்று.
கிளாம்பைப் பிடித்து ஆட்டினேன், அசையவில்லை.
கெரகம் பிடிச்சவன்,
நெஞ்சுக்குள் ஸ்டென்டை வைத்துக்கொண்டு
எந்தக் கையால் இப்படி முறுக்கினான்?

பத்தாம் நம்பர் ஸ்பேனர் எங்கே போச்சென்று
டிக்கியைத் திறந்தேன்.