ஐந்து மதிப்பெண் கேள்வி

பாபுராவ் தெரு லாட்ஜில், நாலாவது மாடிக்கு மேலே
வெயில் குடித்தனம் இருக்கிறது.
பதினோரு மணிக்குள் முப்பத்திரண்டு விரிப்புகளை
அலசிக் காயப்போட்டாக வேண்டும்.
காய்வதற்குக் கவலையில்லை. வேலூர் சித்திரையில்
இந்தக் கோடியில் விரித்துவிட்டு அந்தக் கோடிக்குப் போவதற்குள்
முதல் விரிப்பு அப்பளமாகிவிடும்.

முன்னூற்று இரண்டாம் அறைக்காரர் மேலே வந்தார்.
பதிவேட்டில் சுபல் மண்டல், மால்டா.
மனைவியின் ரிப்போர்ட் நாலு மணிக்கு வரும் என்று
கீழே யாரோ சொன்னார்கள்.
அவருக்குத் தெரிந்த தமிழ்: தண்ணி, எவ்ளோ, நாளைக்கு.
எனக்குத் தெரிந்த வங்காளம்: ஜல், ஷாபான்.
சட்டைப்பையிலிருந்து இளநீர் ஸ்ட்ரா ஒன்றை எடுத்து
என் வாளியைக் காட்டி, ஷாபான்? என்றார்.
எடுத்துக்கோங்க என்றேன்.

ஐம்பது வயது ஆள்.
குந்தி உட்கார்ந்து ஊதினார்.

முதல் நான்கு குமிழிகளை வெயில் தின்றது.
ஐந்தாவது பறக்கவில்லை.
விரிப்பின் நிழலில், வாளித் தண்ணீர் மேலேயே
பாதி உருண்டையாகக் குடை பிடித்து நின்றது.

எனக்கு அடிவயிறு பிசைந்தது.
இதை நான் மூன்று முறை எழுதியிருக்கிறேன்.
பி.எஸ்சி. இயற்பியல், ஒளியியல் தாள்.
இருபத்திரண்டு, இருபத்தேழு, மறுபடி இருபத்திநாலு.
பாஸ் மார்க் முப்பது.

சோப்புக் குமிழிக்கு நிறம் எப்படி வருகிறது?
அதில் சாயம் கிடையாது.
சாயத்தை என் தம்பி ஜெயவேலிடம் கேட்க வேண்டும்.
ராணிப்பேட்டையில் தோல் உருளைக்குள் கைவிட்டு விட்டு
நகக்கண் நீலமாகி
நீல விரலாலேயே தாலி கட்டினான்.
இது அந்த நிறமில்லை. தொட்டால் கையில் ஒட்டாது.

படலத்துக்கு இரண்டு முகம்.
வெளிமுகத்தில் கொஞ்சம் வெளிச்சம் பட்டுத் திரும்பிவிடுகிறது.
மிச்சத்தில் ஒரு பங்கு உள்ளே போய்
உள்முகத்தில் முட்டி, பின்னாலேயே ஓடிவந்து சேர்ந்துகொள்கிறது.
தாமதமாக வந்த அலையின் இறக்கம்
முன்னே போனதன் ஏற்றத்தின் மேல் விழுந்தால்
அந்த நிறம் காலி.
சிவப்பு அழிந்த இடத்தில் நீலப்பச்சை.
நீலம் அழிந்த இடத்தில் மஞ்சள்.
கண்ணுக்கு வருவது
கழித்தது போக மீந்தது.

இவ்வளவையும் பரீட்சையில் எழுதினேன்.
படம் போட்டேன். அம்புக்குறிகூட ஸ்கேல் வைத்து.

வாளியில் வளையங்கள் வழுக்கி இறங்கின.
நீர் கீழே வடிய வடிய
உச்சி மெலிந்து
ரோஜா, பச்சை, ரோஜா, பச்சை,
அப்புறம் வெளிறிய பித்தளை மஞ்சள்,
அப்புறம் அரிசி களைந்த தண்ணீர் வெள்ளை,
அப்புறம் உச்சியில்
ஒரு கறுப்புப் பொட்டு.

ஓட்டை விழுந்துவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ,
மண்டல் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

ஐந்து மதிப்பெண்:
படலத்தின் தடிமன் ஏறக்குறைய பூஜ்யமாகும்போது
அது ஏன் கறுப்பாகத் தெரிகிறது?
மூன்று முறையும் எழுதினேன்,
வெளிச்சத்தைத் திருப்பி அனுப்ப அங்கே ஒன்றுமில்லாததால்.
மூன்று முறையும் சுழி.

ஒன்றுமில்லாமல் இல்லை.
துப்பட்டாவை இடுப்பில் செருகிக்கொண்டு
ஈரக் கையோடு நிற்கையில்தான் பிடிபடுகிறது.
இரண்டு வெளிச்சமும் வருகின்றன.
வெளிமுகத்தில் பட்டது தலைகீழாகப் புரண்டு வருகிறது,
உள்முகத்தில் பட்டது புரளாமல்.
நடுவே தூரமில்லை, தாமதமில்லை.
எல்லா நிறத்திலும் ஏற்றத்தின் மேல் இறக்கம்
அச்சாக உட்கார்ந்து
வெளிச்சமும் வெளிச்சமும் கூடிக்
கறுப்பு.

சொல்ல வாயெடுத்தேன். எந்த மொழியில்?

பொட்டு அகன்று சட்டைப் பொத்தான் அளவானது.
அவர் மூச்சை அடக்கியிருந்தார். நானும்.
கீழே ஒரு ஆட்டோக்காரர் நல்ல வங்காளத்தில்
பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

போனபோது சத்தமில்லை.
அவர் மூக்கு நுனியில் ஒரு துளி; துடைக்கவில்லை.
கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நாற்பது.
நாளைக்கு? என்றார், வேறு சொல் தெரியாமல்.
நாலு விரலைக் காட்டினேன். இன்னைக்குத்தான்.

தலையாட்டிவிட்டு
ஸ்ட்ராவை மறுபடி தண்ணீரில் விட்டார்.
பத்தொன்பது விரிப்புகள் பாக்கி.
அந்த வாளியை அவரிடமே விட்டுவிட்டு
நான் வேறொன்றில் சோப்பு கரைத்தேன்.