ஆறு ஐம்பது பாதை

இரவு பதினொன்று நாற்பதுக்கு
வட்ஸ்அப் குழுவில் வந்து விழுகிறது:
"நாளை பத்து பி விஞ்ஞானம் மூன்றாம் பாடவேளைக்கு.
முதலாவது எட்டு ஏ. அதிபர்."
கீழே எட்டுக் கும்பிடு.
ஒன்பதாவது இல்லை.
நான் நித்திரை.

குருமண்வெளித் துறையில் பாதை ஏறுகிறோம்:
இரண்டு மோட்டார் சைக்கிள், ஒரு முட்டைக் கூடை,
கணித சேர் வினோதரன்,
விடியப்புறம் அவித்து வடித்த
செவ்வரத்தம்பூச் சாற்றுப் போத்தலோடு நான்.
தேசிக்காய் பட்டால் சிவக்கும்,
சவர்க்காரம் பட்டால் பச்சை.
நடு வாவியில் சிக்னல் இல்லை.
அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில்தான்
பாடம் எனக்குள் ஒழுங்காகும்.

மண்டூரில் இறங்கிப் போனால்
பத்து பி யில் சமயபாடம் நடக்கிறது.
எட்டு ஏ ஆளில்லாமல் இரைகிறது.
எட்டு ஏ எனக்குத்தான் என்று தெரிய முன்னமே
சம்பவத் திரட்டில் என் பெயர்
நீல மையில் காய்ந்துவிட்டது.

"குழுவில போட்டன்தானே ரீச்சர்."
"பாக்கல்ல சேர்."
இந்தத் தவணை முழுக்க
அவரும் நானும் பேசியது இவ்வளவுதான்.

அவர் ஏசவில்லை. நானும் அழவில்லை.
எட்டு ஏ யில் கரும்பலகையில் திகதி எழுதினேன்,
பக்கம் நாற்பத்திரண்டை வாசிக்கச் சொன்னேன்,
கதிரையில் இருந்துவிட்டேன்.
பாடக்குறிப்பில் "நிறைவு" என்று போட்டேன்.
கையொப்பம் வந்தது.

மூன்றாம் பாடவேளைக்குள்
சாறு கறுத்துப்போயிருந்தது.
"ரீச்சர், தேத்தண்ணியா?"
வகுப்பே சிரித்தது.
நானும் சிரித்தேன், கொஞ்சம் பிந்தி.

இடைவேளைக்குப் பிறகு
பிரதி அதிபர் பவளேந்திரி
ஆய்வுகூட வாசலில் நின்று கேட்டார்:
"நீங்க எத்தின மணிப் பாதையில வாற?"
ஏழு வருடம்.
படிவங்கள் என் அடையாள அட்டை இலக்கத்தை
அறுபது தரம் கேட்டிருக்கும்.
இதை ஒருவரும் கேட்கவில்லை.
"ஆறு ஐம்பது" என்றேன்.
நேரசூசி ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டு போனார்.

அடுத்த வியாழன், துறையில்,
கயிற்றை அவிழ்த்தபடி பாதைக்காரர் சொன்னார்:
"ரீச்சர், பவளம் மிஸ் கோல் எடுத்தவ.
இண்டைக்கு முதல் பாடம் எட்டு ஏ யாம்."

பாதை நகர்ந்தது.
பன்னிரண்டு நிமிடம் இருந்தது கையில்.
எட்டு ஏ க்கு இந்த வாரம் அடர்த்தி.

கூடைக்காரியிடம்
இரண்டு முட்டை வாங்கினேன்.
ஒன்று, உப்புத் தண்ணீரில் மிதக்க.
மற்றது, அது உடைந்தால்.