என்ன பாட்டு வேணும்

கையை அசைக்காதீங்க என்று சொல்லி
மணிக்கட்டைப் பலகையில் கட்டிவிட்டு
ஜெசிந்தா கேட்டது:
"ஐயா, என்ன பாட்டு வைக்கட்டும்?
படபடப்பு கொறையும்."

முப்பத்தொரு வருஷம்
திருமங்கலம் சோனை சவுண்ட் சர்வீஸ்.
காதுகுத்துக்கு எது, சடங்குக்கு எது,
மொய் மந்தமாக விழுகிறபோது எது,
பந்தியில் உட்கார்ந்தவனைச் சீக்கிரம் எழுப்ப எது,
கேட்டால் தூக்கத்தில் சொல்வேன்.
எனக்கு என்ன வேணும் என்று
இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை.

நாதஸ்வரமா?
தாலி கட்டியாச்சா என்று எட்டிப் பார்ப்பேன்.
பழைய சோகப் பாட்டு வேண்டாம் தாயி,
கப்பலூரில் ஒரு வாலிபன் சாவுக்கு
விடியவிடிய அதைத்தான் போட்டேன்,
வாடகை இன்னும் வரவில்லை,
கேட்கவும் மனசில்லை.
அம்மன் பாட்டென்றால்
கொக்கி போட்டுக் கரண்டு எடுத்த
பங்குனி ராத்திரியும் லைன்மேனும்.

ஊசி இறங்கியது.
கை வழியாக நெஞ்சுக்கு வயர் போகிறதாம்.
வயர் இழுப்பது எனக்குப் புதிதா,
புளியமரம், மொட்டைமாடி, மூங்கில் கழி,
எங்கே லூசு என்று தேடுகிற
அதே வேலைதான் டாக்டருக்கும்.
ஆனாலும் தொடை நடுங்கியது.
மரத்த கைக்குள் என்னவோ ஊர்ந்தது.

அந்தப் பிள்ளை தானாக ஒன்றை வைத்தது.
உள்ளங்கை அளவுப் பெட்டி, புல்லாங்குழல்.
"ட்ரெபிள் ஜாஸ்தி" என்றேன்.
"கொறை. இன்னும். மூலைக்குத் தள்ளு.
மூஞ்சியைச் சுவருக்குத் திருப்பு,
அப்பத்தான் வயிறு நெறைஞ்சு வரும்."
டாக்டர் சிரித்தார்,
அவர் கை சிரிக்கவில்லை.

பிறகு யாரும் பேசவில்லை.
இவ்வளவு மெதுவாக ஒரு பாட்டை
நான் வைத்ததே இல்லை,
மூணு தெருவுக்குக் கேட்காவிட்டால்
எங்கள் தொழிலில் யார் காசு கொடுப்பார்கள்.
மெதுவாக இருந்ததால்
மூச்செடுக்கிற இடம்கூடத் தெரிந்தது,
குழல்காரர் மூச்சு.
கொஞ்ச நேரம் கழித்து என்னுடையதும்
அங்கேயே நின்று நின்று போனது.

ரெண்டு இடத்தில் அடைப்பு என்றார்கள்.
பேசலாம், அப்புறம் பேசலாம்.

"வலிச்சுச்சா ஐயா?"
"பெட்டியைத் திருப்பினப்பறம் அவ்வளவா இல்ல."

டாக்டர் வயரை உருவினார்,
மெல்ல, முறுக்கு விழாமல்.
பந்தல் பிரித்த பிறகு
முழங்கைக்கும் பெருவிரலுக்கும் நடுவே
நானும் அப்படித்தான் சுற்றுவேன்.
நல்ல வேலைக்காரர்.