சமதரை

தலவாக்கலையில், கைபேசி திருத்தும் கடைக்கு மேலே
ஓர் அறை, ஒரு கணினி, நாங்கள் இரண்டு பேர்.
ஏழு நிமிடச் சண்டைப் படம்.
பதினோரு மாதமாக வரைகிறேன்.
கொழும்பிலிருந்து கடிதம் வந்தது:
'அடிதடி நன்று. ஆனால் இவர்கள் யார்?
ஆளுக்கொரு பக்கம் பின்கதை அனுப்புங்கள்.'

பிலோமினாவுக்கு அரைமணியில் எழுதிவிட்டேன்.
வயது இருபது. ஆயுதம் மட்டக்கம்பு.
மூன்று வருடமாய் ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து.
அந்தச் சரிவில் ஒரு கால் எப்போதும் மேலே,
ஒரு கால் எப்போதும் கீழே.
ஆகவே அவள் உதைத்தால்
மலையும் கொஞ்சம் சேர்ந்து உதைக்கும்.
ஆகவே சமதரையில் அவளுக்கு நிற்கத் தெரியாது.
எழுதிய பிறகுதான் உறைத்தது,
சண்டையை நான் வைத்திருப்பது பிரட்டுக்களத்தில்,
தோட்டத்திலேயே தட்டையான ஒரே இடத்தில்.
நாற்பது சட்டகங்களை அழித்தேன்.
இப்போது முதல் அடியை வாங்குவது அவள்.

வில்லன் தங்கையா. தராசுக்காரன்.
கூடைக்கு இரண்டு கிலோ, ஈரத்துக்கு ஒரு கிலோ,
தன் கோபத்துக்கு அரைக் கிலோ கழிப்பவன்.
பின்கதை: பேராசை.
ஒரு சொல் போதுமென்று அனுப்பினேன்.
போதாதென்று திரும்பி வந்தது.

அன்று கரண்ட் இல்லை.
மெழுகுதிரி வெளிச்சத்தில் அவனுக்குப் பதின்மூன்று வயதாக்கினேன்.
பாடசாலை விளையாட்டுப் போட்டி, உயரம் பாய்தல்.
மெத்தை கிடையாது,
தேயிலைக் கழிவு அடைத்த சாக்குகள்.
முதல் நாள் மழையில் நனைந்து
சாக்குகள் இறுகிப் போயிருந்தன.
கம்பில் மயிர்கூடப் படாமல் தாண்டினான்.
மணிக்கட்டு முறிந்த சத்தம்
கைதட்டலுக்குள் போய்விட்டது.
கொழுந்து இறக்கிவிட்டு லொறி வர நாலரை ஆயிற்று.
எலும்பு கோணலாகவே கூடிற்று.
அந்தக் கை திரும்பாது;
உள்ளங்கை மேலே பார்க்க, ஏந்தினபடியே இருக்கும்.
அதனால்தான் எப்போதும் எதையாவது பிடித்துக்கொண்டிருக்கிறான்:
தராசுக் கொக்கி, பேனா,
காட்சி இருபத்தெட்டில் பிலோமினாவின் கழுத்து.

இன்னொன்றும் எழுதினேன், எழுதியிருக்கக் கூடாது.
பாய்வதற்கு முன் ஒரு கணம் அவன் கீழே பார்ப்பான்.

அந்தக் கணத்தில்தான் அவள் அடிக்க வேண்டும்.
காட்சி முப்பத்தொன்று. கம்பு, கன்னம், கறுப்புத் திரை.
ஆறு மாதத்துக்கு முன்பே முடிவானது.

ஒலிக்காரன் கிருஷாந்தன்.
அவனிடம் குத்துக்குக் கோவா, எலும்புக்கு லீக்ஸ்,
சந்தையில் அந்தி நேரம் பாதி விலைக்கு வாங்கியவை.
மைக்குக்கு முன்னால் ஒரு தண்டை இரு கையிலும் பிடித்து
"முறிக்கவா?" என்கிறான்.
"பொறு" என்கிறேன்.
"எவ்வளவு நேரம்?"
"பன்னிரண்டு சட்டகம். அரை விநாடி."

அந்த அரை விநாடியில்
தங்கையா கீழே பார்க்கிறான்.
அப்படி என்னதான் இருக்கிறதென்று
பிலோமினாவும் குனிந்து பார்க்கிறாள்.
சிமெந்து. ஒரு வெடிப்பு. அவ்வளவுதான்.
கம்பு காற்றிலேயே நிற்கிறது.

பார்ப்பவருக்கு எப்படிப் புரியும் என்று கொழும்பு கேட்கும்.
புரியாது.
சாக்கு படத்தில் இல்லை, லொறி இல்லை, மழை இல்லை.
மழை மட்டும் எங்கள் தகரக் கூரையில் விழுந்து
எல்லா ஒலிப்பதிவிலும் ஏறிவிடுகிறது,
எவ்வளவு சுரண்டியும் போகவில்லை.

மைக்கை அணைத்தோம்.
லீக்ஸை அரிந்து பருப்போடு போட்டான் கிருஷாந்தன்.
உப்புக் கொஞ்சம் கூட.
தங்கையா இன்னும் பாயவில்லை.