கணக்கு உதைக்கிறது

சிலேசியாவில் நவம்பர். மாலை மூன்றரைக்கே விளக்கு.
கிளப்பின் நூற்றாண்டு மலருக்கு ஒரு பக்கம் வேண்டுமாம்:
கின்டர் கோகோட் பெரியவரா, திமோதெயுஷ் பியெலாக்கா?
"இரண்டு பத்தி, ஒரு கோடு,
கோட்டுக்குக் கீழே ஒரு பெயர்" என்றார் தலைவர் ஷிமிக்.
எண்கள்தான் என் பிழைப்பு. சரி என்றேன்.

பியெலாக் எளிது.
அவன் மார்புக் கச்சையில் ஒரு சில்லு.
போன சனிக்கிழமை பதினொன்றே கால் கிலோமீட்டர்,
முப்பத்துநாலு வேக ஓட்டம்,
முந்தின இரவு தூங்கியது ஏழு மணி நாற்பது நிமிடம்,
தின்ற சோறு நூற்றைம்பது கிராம், உப்பில்லாமல்.
அவன் இடது தொடை அலுத்துப்போவது
அவனுக்குத் தெரியுமுன்
எனக்குத் தெரிந்துவிடுகிறது.

கோகோட்டுக்கு இருப்பது ஒரு தகரப் பெட்டி.
உள்ளே மூன்று படச்சுருள்கள். 1961, மார்ச்.
எதிரணியின் பெயர் அழிந்துவிட்டது.
திறந்ததும் காடி வாடை.
மென்பொருளுக்கு ஊட்டினேன்; திணறியது.
பனியா புகையா என்று பிரிக்கத் தெரியாமல்
கோல்கீப்பரைக் கம்பம் என்றது.
வேலிக்கு அப்பால் நின்ற கரிவண்டிக் குதிரையைப்
பன்னிரண்டாவது ஆட்டக்காரனாக எண்ணிக்கொண்டது.
பிறகு நானே உட்கார்ந்தேன்,
திரையில் ஸ்கேலை வைத்து, ஒன்பது இரவுகள்.

ஆறு கிலோமீட்டருக்கு நூறு மீட்டர் குறைவு.
அவ்வளவுதான்.
பியெலாக்கின் பாதிக்கு ஒரு முழம் மேல்.

இதை மதுக்கடையில் சொன்னால்
நாற்காலியை இழுத்துவிடுவார்கள்.
கோகோட் உதைத்த பந்து ஒன்று
இன்னும் தரையிறங்கவில்லை என்பான் ஹூபெர்ட்,
ஆட்டம் நடந்து இருபது வருடம் கழித்துப் பிறந்தவன்.

கோடு கிழிக்கப் போகும்போதுதான்
பெட்டியின் அடியில் ஒட்டிக்கிடந்தது சுரங்கச் சீட்டு:
கோகோட், கி. அதே தேதி.
இறங்கியது காலை ஆறு. ஏறியது ஒரு மணி பத்து.
ஆட்டம் மூன்று மணிக்கு.

குனிந்தே நடந்த தூரத்தை எந்தப் பத்தியில் சேர்ப்பது?
மழையில் ஊறிய தோல்பந்து
சேற்றோடு என்ன எடை இருந்திருக்கும்?
நிறுத்துப் பார்க்க அந்தப் பந்தும் இல்லை, அந்தச் சேறும் இல்லை.
ஆனால் அன்று அவரைத் துரத்தியவனும்
ஏதோ ஒரு குழியிலிருந்து ஏறி வந்தவன்தானே.
பியெலாக்கைத் துரத்துகிறவனோ
பியெலாக்கைப் போலவே அளந்து தின்று
அளந்து தூங்கி எழுந்தவன்.
எப்படிக் கூட்டினாலும்
கணக்கு உதைக்கிறது.

எழுபத்தோராம் நிமிடம்.
எல்லோரும் ஓடுகிறார்கள், கோகோட் நிற்கிறார்.
இடுப்பில் கை. நான்கு நொடி.
மென்பொருள் அதை ஓய்வு என்று குறித்திருக்கிறது.
அப்புறம் சுருள் அறுந்து ஒட்டிய இடம்;
இரண்டு நொடியைக் காணோம்.
அடுத்துத் தெரிவது வலைக்குள் பந்து,
முதுகைக் காட்டி நடந்துபோகும் எட்டாம் எண்.

தொடையில் ஐஸ் பையோடு
மசாஜ் அறைக்குப் போகிற வழியில்
பியெலாக் என் வாசலில் நின்றுவிட்டான்.
"திரும்பப் போடுங்கள்."
போட்டேன். ஐந்து முறை.
அந்தக் கோல் எப்படி விழுந்தது என்று கேட்பான் என்றிருந்தேன்.
"நான் இப்படி நின்றால்
உங்கள் கணினி என்ன சொல்லும்?" என்றான்.
சிவப்பாகும், கோச்சுக்குச் செய்தி போகும் என்றேன்.
சிரித்தான்; சிரிப்பு பாதியில் நின்றது.
வயது இருபத்துமூன்று. ஒப்பந்தம் ஜூனில் முடிகிறது.

அவன் போனபின் ஓய்வு என்பதை அழித்தேன்.
பதிலுக்கு என்ன என்று கேட்டது திரை.
பார்க்கிறார் என்று தட்டினேன்.
அப்படி ஒரு வகை இல்லை என்றது.

ஷிமிக் மூன்று முறை அழைத்துவிட்டார்.
நாளை அச்சு, கோட்டுக்குக் கீழே இன்னும் வெள்ளை.
சனிக்கிழமை, எழுபதாம் நிமிடத்துக்குமேல்
சிவப்பு எச்சரிக்கையைச் சற்றே அணைத்து வைக்கப் போகிறேன்.
கோச்சிடம் சொல்லவில்லை.
பியெலாக்கிடமும்தான்.